கஷ்டமான பேப்பர்

திருப்பதி பஸ்ஸிலிருந்து என் தங்கை அழுதுகொண்டே இறங்கியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீடு புத்தலப்பட்டில். இந்தப் பக்கம் பஸ் ஏறினால் கிட்டத்தில் சித்தூர், அந்தப் பக்கம் ஏறினால் தூரத்தில் திருப்பதி. போன வருஷம் இரண்டு பேரும் ஒன்றாக என்ஜினியரிங் நுழைவுத் தேர்வு எழுதினோம். எனக்கு அது இரண்டாவது தடவை. முதல் தடவை நல்ல ராங்க் வராமல் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படித்தேன். அதற்குள் அவளும் பன்னிரண்டாவது, அதாவது இன்டர், முடித்து என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள்.

"ரெண்டு பேரையும் ஆஸ்டல்ல வெச்சிப் படிக்கவெக்க என்னால ஆவாது. யாரு ராங்கு முன்னால வருதோ அவ திருப்பதி காலேஜிக்குப் போவட்டும். இன்னொருத்தி சித்தூர்ல டிகிரி படிக்கட்டும்" என்று நைனா சொல்லிவிட்டார்.

அவள் டிவி பார்த்துக்கொண்டே கணக்குப் போடுவாள். நான் முட்டி மோதிப் படிக்கிற ஃபார்முலா அவளுக்கு ஒரு தடவை பார்த்தாலே போதும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

நெட் சென்டரில் இருவருக்கும் அப்ளிகேஷன் போட்டது நான்தான். தேர்வு எழுதும் ஊர் என்ற இடத்தில் எனக்குச் சித்தூர், அவளுக்குத் திருப்பதி. சித்தூரில் ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது என்று வீட்டில் சொன்னேன். பொய். வெயிலில் அவ்வளவு தூரம் பஸ்ஸில் இடிபட்டு, களைத்துப்போய் எழுதட்டும் என்பதுதான் என் எண்ணம்.

எங்களுக்கு வேறு வேறு நாள் வந்தது. என் பேப்பர் சுலபம். "பாதி கேள்வி இன்னான்னே புரியலக்கா, சும்மா பாத்துகினு குந்தினு இருந்தேன்" என்று அவள் பஸ் ஸ்டாப்பிலேயே விசும்பினாள். கட்டிப்பிடித்துத் தேற்றினேன். ஆன்சர் கீ வந்ததும் இருவர் விடைகளையும் நானே சரிபார்த்தேன். நூற்றறுபதுக்கு எனக்குத் தொண்ணூற்றெட்டு, அவளுக்கு எண்பத்தொன்பது. மனசுக்குள் ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

ரிசல்ட்டில் அவள் எனக்கு வெகுதூரம் முன்னால் இருந்தாள்.

"இன்னாபா இது, மார்க்கு கம்மியா வாங்கினவ எப்பிடி முன்னால போனா?" என்று நைனா நெட் சென்டர்காரரைக் கேட்டார். தேர்வு பல நாள் நடக்கும், ஒவ்வொரு வேளைக்கும் வேறு கேள்வித்தாள். கஷ்டமான பேப்பர் எழுதியவர்களுக்கு மார்க்கை ஏற்றி, சுலபமானதை எழுதியவர்களுக்கு இறக்கி, சமப்படுத்திய பிறகுதான் ராங்க் போடுவார்கள் என்று அவர் விளக்கினார். நியாயம்தான். ஆனாலும் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

இப்போது அவள் திருப்பதியில். நான் தினமும் சித்தூர் பஸ்ஸில். லீவுக்கு வரும்போதெல்லாம் எல்லோரிடமும் அவள் சொல்வது ஒன்றுதான்: "சித்தூரு போட்டிருந்தா நானும் ஈஸி பேப்பரு எயுதிட்டு இங்கியே குந்தினு இருந்திருப்பேன். எல்லாம் எங்கக்கா கைராசி!"

அதைக் கேட்டு இந்த வருஷம் பக்கத்துத் தெருப் பெண் தன் அப்ளிகேஷனோடு என்னிடம் வந்தாள். நன்றாகப் படிக்கிற பெண். "உங்க கையாலயே போடுங்கக்கா. எனக்கும் திருப்பதியே போடுங்க" என்றாள்.

கம்ப்யூட்டர் திருப்பதியில் நிறைய இடம் காட்டியது.

"சித்தூர்தான் மிச்சம் இருக்கு" என்றேன்.