நாவற்குடாத் தாயின் நன்றிக் கடிதம்

மாதாவுக்கு வந்த நன்றிக் கடிதங்களில் சிலவற்றை நானே எழுதினேன்.

ஆம், இட்டுக்கட்டித்தான். நடக்காத அற்புதத்துக்கு, இல்லாத மனிதர்களின் சார்பில், நானே எழுதி, நானே பெட்டிக்குள் போட்டு, பிறகு நானே எடுத்து, மைக் முன்னால் நின்று வாசித்தேன். நீங்கள் இப்போது என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள்... இதைவிட மோசமாகப் பார்க்க வேண்டிய இடம் பின்னால் வருகிறது.

எங்கள் கோயில் மட்டக்களப்பு வாவியைப் பார்த்தபடி இருக்கிறது. புதன்கிழமை மாலைகளில் நவநாள் செபம். மாதா சுரூபத்தின் காலடியில் ஒரு மரப்பெட்டி. வேண்டுதல் உள்ளவர்கள் மன்றாட்டு எழுதிப் போடுவார்கள். வேண்டியது கிடைத்தவர்கள் நன்றி எழுதிப் போடுவார்கள். கையால்தான் எழுத வேண்டும். அச்சடித்த தாளைப் பாதர் ஏற்கமாட்டார். "கை நோகட்டும். அந்த நோவுதான் செபம்" என்பார்.

மன்றாட்டுகளை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அது மாதா பாடு, அவர்கள் பாடு. சேர்த்து வைத்து, முற்றத்துக் கற்குகையான கெபிக்கு முன்னால் எரித்துவிடுவோம். மேலே 'நன்றி' என்று எழுதியிருப்பவற்றை மட்டும் பிரித்து, ஆசீர்வாதத்துக்கு முன் சபைக்கு வாசிப்போம்.

வாசிப்பவன் நான். பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவன் என்பதால் பாதர் என்னைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பத்தியை வாசித்து ஒருவரும் சிரித்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது. அவரும் வாசித்ததில்லை.

சில வாரங்களில் பெட்டி நிறைய மன்றாட்டு இருக்கும். நன்றி ஒன்றுகூட இராது. கேட்கும்போது பேனா எடுப்பவர்கள், கிடைத்ததும் பேனாவைத் தொலைத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு புதன்கிழமை பாதரின் முகம் வாடிப்போனது. "சனம் பாத்துக்கொண்டு இரிக்கும். ஒண்டும் வரல்ல எண்டு என்னெண்டு சொல்றது?" என்றார்.

அடுத்த வாரம் நன்றி வந்தது. காணாமற்போன பசு கிடைத்துவிட்டதாம். பாதருக்கு என் எழுத்துத் தெரியும் என்பதால் இடக்கையால் எழுதினேன். அவர் கோணல் எழுத்துகளைத் தடவிப் பார்த்து, "எவ்வளவு எளிமையான விசுவாசம்" என்று கண் கலங்கினார். என் எழுத்துக்காக ஒருவர் கண் கலங்கியது அதுவே முதல்தடவை. அந்தப் போதை உங்களுக்குப் புரியுமா? சிரிக்க வைக்க முடியாதவன் அழ வைத்துவிட்டேன்...

பிறகு பசு எனக்குப் போதவில்லை. பசுவிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து விசாவுக்கு, கடைசியில் நோய்க்கு வந்து சேர்ந்தேன். நாவற்குடாவில் ஒரு தாய். மார்பில் கட்டி. சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்தாயிற்று. ஒன்பது புதன்கிழமைகள் நவநாள். திரும்பச் சோதித்தபோது கட்டியைக் காணவில்லை. 'டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் மாதாவின் முகத்தைப் பார்த்தேன்' என்று ஒரு வரி. அதை வாசிக்கையில் எனக்கே தொண்டை அடைத்தது. பக்தியால் அல்ல... வரி அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது.

சில வாரங்கள் கழித்து, பெட்டியைக் கவிழ்த்தபோது ஒரு மன்றாட்டு மடிப்பு அவிழ்ந்து விழுந்தது. தெரிந்த கையெழுத்து. எங்கள் ஒழுங்கையில் பள்ளிக்கூடச் சட்டை தைக்கும் பிலோமினா அக்கா. வீட்டுக்குள் போர்த்துக்கீசும் தெருவில் தமிழும் பேசுகிற பறங்கிக் குடும்பம். வாசிக்கக் கூடாது. வாசித்தேன்.

'அம்மா, நாவற்குடாத் தாய்க்குச் செய்த மாதிரி எனக்கும் செய்யுங்க. ஒப்பரேசன் வேணாமெண்டு ஆசுப்பத்திரியில சொல்லிப்போட்டன். உங்களத்தான் நம்பி இரிக்கிறன்.'

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன், நம்புங்கள்.

"உங்களுக்குச் சுகமில்லையெண்டு கேள்விப்பட்டன், அக்கா."

"இந்த ஊரில கட்டிக்கும் கால் முளைச்சிரும்" என்று அக்கா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தார்.

"ஒப்பரேசனச் செய்யுங்க. மாதா டொக்டர்ர கையாலயும் சுகம் தருவா."

"நீங்களா தம்பி இதச் சொல்றீங்க? அந்தக் கடிதத்த வாசிக்கக்குள்ள உங்களுக்குத் தொண்டை அடைச்சிச்சே. முன் வாங்கில இருந்து பாத்தனான். விசுவாசம் இல்லாதவனுக்கு அப்பிடி அடைக்குமா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். நான் தேநீரைக் குடித்தேன். சீனி போதுமா என்று கேட்டார், போதும் என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

பாதரிடம் ஏன் போகவில்லை என்பீர்கள். போனேன். பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலில் இருந்து கோபம், சோம்பல், அயலவனைப் பரிகசித்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். இது மட்டும் நாக்கு வரை வந்து திரும்பிவிட்டது. சொன்னால் மைக்கைப் பறித்துவிடுவாரோ என்று பயந்தேனா? அதுவும் ஒரு காரணமாக இருந்ததென்றால், என்னைப் பற்றி இனி என்ன சொல்வது...

நாட்கள் போயின. அக்கா நவநாளைத் தவறவிடவில்லை. கட்டியும் தன் வேலையைத் தவறவிடவில்லை.

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? நாவற்குடாத் தாயைக் கொண்டு இன்னொரு கடிதம் எழுத வைத்தேன். கட்டி திரும்ப வந்துவிட்டது, மாதாவை மன்றாடிக்கொண்டே ஒப்பரேசனுக்குப் போனேன், இப்போது சுகம், என்னைப் போல் யாரும் பிந்திவிடாதீர்கள். பொய்யைப் பொய்யால் திருத்தினேன். பத்திரிகைக்காரர்கள் இதை எடிட்டிங் என்பார்கள்.

அக்கா அந்த வாரமே ஆசுப்பத்திரிக்குப் போனார்.

வெட்டி எடுத்துவிட்டார்கள். எடுத்ததைக் கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று முடிவு வந்தால்தான் தெரியும். அக்காவின் மகள் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னாள்: "இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க எண்டு டொக்டர் ஏசினவர், மாமா. முந்தியே வந்திருந்தா இவ்வளவு பயப்படத் தேவையில்லையாம்." அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்ல அவளுக்கு ஒன்றும் தெரியாது. மாமாவுக்குத் தேநீர் ஊற்றவா என்று கேட்டாள்.

உள்ளே அக்கா தலையணையின் கீழிருந்து மடித்த தாளொன்றை எடுத்தார்.

"இது பெட்டிக்கில்ல தம்பி. அந்த நாவற்குடாத் தாயிட்டக் குடுங்க. பாதரிட்டக் கேட்டன், அவருக்கு ஆளத் தெரியாதாம். வாசிக்கிற உங்களுக்குத் தெரிஞ்சிரிக்கும்தானே."

வாங்கினேன். வேறென்ன செய்வேன்?

'நீங்க ரெண்டாவது கடிதம் எழுதாட்டி நான் போயிரிக்க மாட்டன். உங்களுக்கு ஆண்டவர் நீண்ட ஆயுசு தரட்டும். முடிவு வருமட்டும் எனக்காக வேண்டிக்கொள்ளுங்க. உங்கட செபம் கேக்கப்படுற செபம்' என்று எழுதியிருந்தார்.

அடுத்தமுறை பார்க்கப் போனபோது முதல் கேள்வி அதுதான்.

"குடுத்தாச்சா தம்பி?"

"ஓம் அக்கா."

"என்ன சொன்னவ?"

நான் சுவரிலிருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தைப் பார்த்தேன். உடனே வேறு பக்கம் பார்த்தேன்.

"உங்களுக்காக ஒவ்வொரு நாளும் எழுதி வேண்டுவாவாம்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப எனக்குப் பயமில்ல" என்றார்.

இப்போது உண்மையைச் சொன்னால், அவர் பற்றிக்கொண்டிருக்கும் ஒரே செபத்தைப் பிடுங்கிவிடுவேன். சொல்லாமல் விட்டால், அவருக்காக யாரும் செபிக்கவில்லை. இல்லாத அந்தத் தாய் கொடுத்த வாக்கை யார் நிறைவேற்றுவது? ஆகவே தினமும் காலையில் ஒரு தாளை எடுத்து, என் வலக்கையால், என் சொந்தப் பெயரில் தொடங்குகிறேன். 'அம்மா, பிலோமினா அக்காவுக்கு...' இரண்டாவது வரியிலேயே ஓர் அழகான சொற்றொடர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கிழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குகிறேன். மறுபடியும் அழகாகவே வருகிறது.

முடிவு இந்தக் கிழமை வரலாம் என்கிறார்கள். கிழிக்காத தாள் என்னிடம் இன்னும் ஒன்றுகூட இல்லை.