தொட்டியில் போட்ட உப்பு

போன வருஷம் சித்திரையில் நடந்தது இது. காரைக்காலில், அரசாங்கம் கட்டிக் கொடுத்த மூன்று மாடிக் குடியிருப்பில் நாங்கள் இருக்கிறோம். அதுவரை எங்கள் பிளாக்கில் குப்பை என்றால் கேரி பையில் கட்டி மாடியிலிருந்து பின்பக்கம் வீசுவதுதான். கீழே போகிறவர் தலையில் விழாவிட்டால் அது அவர் அதிர்ஷ்டம்.

அப்போதுதான் நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பாட்டில், அட்டை, பிளாஸ்டிக் எல்லாம் நீலத் தொட்டிக்கு. அதைப் பழைய சாமான்காரர் எடுத்துக்கொள்வார். காய்கறித் தோல், மீன் கழிவு எல்லாம் ஓட்டை போட்ட கறுப்புத் தொட்டிக்கு; அது மக்கி உரமாகும். உரம் வந்தால் தொட்டி எங்களுக்கு, வராவிட்டால் அடுத்த பிளாக்குக்கு என்றாள். யார் பொறுப்பு என்று கேட்டதும் நான் கை தூக்கினேன். நாற்பது வருஷம் கூடை சுமந்து மீன் விற்றவள்; என் குரலுக்கு மூன்று மாடியும் அடங்கும். எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று அச்சடித்து அவள் கொடுத்த தாளை வாங்கித் தொட்டி மேல் ஒட்டினேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் முழுக்கப் படித்தவள் மாதிரி தலையாட்டி வைத்தேன்.

தொட்டியைக் கிளறும் வேலையைக் கீழ்வீட்டுப் பெண் எடுத்துக்கொண்டாள். அம்பகரத்தூர்ப் பக்கம் வயல் வேலை பார்த்துவிட்டு வந்தவள். தினமும் சாணி கரைத்து ஊற்றுவாள், அடிவரை கிளறிவிடுவாள்.

முதல் வாரமே புழு நெளிந்தது. மேல்மாடிக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

"புழு இருக்கட்டும்க்கா, அதுதான் மக்க வைக்கும்" என்று கீழ்வீட்டுப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"புழுவுக்கு நானாச்சு, நீ சும்மா இரு" என்றேன்.

கோட்டுச்சேரிமேட்டு மீன்காரக் குப்பத்தில் பிறந்தவளுக்குப் புழுவை விரட்டத் தெரியாதா? விற்காத மீனுக்கு நாங்கள் செய்கிறதையே செய்தேன். விடிந்தும் விடியாமலும் இறங்கிப் போய்க் கல் உப்பை அள்ளி அள்ளித் தூவினேன். யாரிடமும் சொல்லவில்லை. நாலே நாளில் புழு போயிற்று, நாற்றமும் போயிற்று. என்ன மாயம் என்று எல்லோரும் கேட்டார்கள். நான் சிரித்ததோடு சரி.

இரண்டு மாதம் கழித்து நகராட்சிப் பெண் வந்து எல்லோர் முன்னாலும் மூடியைத் திறந்தாள். வாழைக்காய்த் தோல் போட்டபடியே இருந்தது. மீன் தலைகள் கண்ணும் செவுளுமாக விறைத்துக் கிடந்தன. ஒன்றுகூட மக்கவில்லை.

"வயக்காட்டுலேருந்து வந்தவளுக்கு எரு போடத் தெரியலையே!" என்றாள் மேல்மாடிக்காரி. ஆளாளுக்கு அதையே பிடித்துக்கொண்டார்கள். கீழ்வீட்டுப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. "தினமும் கிளறுனேங்க, சாமி சத்தியமா கிளறுனேங்க" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நகராட்சிப் பெண், தொட்டியை வண்டியில் ஏற்றச் சொல்லி ஆள்களைக் கூப்பிட்டாள்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. உண்மையைச் சொல்லணும், ஒரு நிமிஷம் அப்படித்தான் நின்றேன். ஆனால் கீழ்வீட்டுப் பெண் என்னைப் பார்த்தாள். இந்த அக்காவாவது நமக்காக ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்கிற பார்வை. அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"அதை எடுக்காதீங்க. அவ மேல ஒரு தப்பும் இல்ல. உப்பு போட்டது நான்" என்றேன்.

கீழ்வீட்டுப் பெண் ஒரு தோலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி ஆத்தா! குப்பையையே கருவாடு போட்டுட்டீங்களேக்கா!"

பிளாக்கே சிரித்தது. நகராட்சிப் பெண்ணும் சிரித்துக்கொண்டே தாளைக் காட்டினாள். "உப்பு போடக் கூடாதுன்னு இதுலயே இருக்கே. நீங்கதானேம்மா ஒட்டுனீங்க?"

"ஒட்டுனேன், படிக்கல. எனக்கு வேகமாப் படிக்க வராது தாயி" என்றேன். அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தொட்டி எங்களிடமே இருக்கட்டும் என்று விட்டுப்போனாள். உப்பேறிய குப்பையைக் கொட்டிக் கழுவி, புதிதாக ஆரம்பித்தோம். இந்தத் தடவை நான் ஒவ்வொன்றையும் கீழ்வீட்டுப் பெண்ணைக் கேட்டுத்தான் போட்டேன். புழு வந்தது, விட்டுவிட்டேன். புரட்டாசியில் தொட்டியின் அடிக்கதவைத் திறந்தபோது கறுகறுவென்று உதிரியாக உரம் இறங்கியது. இப்போது மொட்டை மாடியில் சாக்கில் வைத்த கத்திரிச் செடிகள் காய்த்துத் தள்ளுகின்றன. மேல்மாடிக்காரிதான் முதல் ஆளாக வந்து பறிக்கிறாள்.

சந்தையில் எத்தனையோ பேரிடம் வாயாடி ஜெயித்தவள் நான். ஆனால் அந்தப் பெண் மேல் விழுந்த பழியை என் வாயாலேயே என் மேல் வாங்கிக்கொண்டேனே, அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றைக்கும் கர்வமாக இருக்கிறது.