பஸ்ஸில் பேசிய வீட்டுக் கதை

மூன்று வருடங்களுக்கு முன், வேலூரிலிருந்து பெங்களூருக்கு மாற்றலாகி வந்த புதிதில் நடந்தது இது. என் கணவர் தவறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. குழந்தைகள் இல்லை. அவர் நடமாடிய வீட்டில் இருக்க முடியாமல் நானே கேட்டு வாங்கிய மாற்றல். சிவாஜிநகர் பக்கம் ஆபீஸ். அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனால், மாடியில் எனக்கென்று ஒரு சின்ன போர்ஷன். கீழே வீட்டு ஓனர் குடும்பம், கன்னடக்காரர்கள். படிக்கட்டில் பார்த்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். எனக்குக் கன்னடம் வராது. தப்பும் தவறுமாகப் பேசி ஏன் அசடு வழிய வேண்டும் என்று அவர்கள் வாசலில் நான் நின்றதே இல்லை.

ஆபீசிலும் வேலையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அதனால் சாயங்கால பஸ்ஸுக்காகவே நாள் முழுவதும் காத்திருப்பேன். ஜன்னலோர சீட் கிடைத்ததும் ஊரில் இருக்கும் அக்காவுக்கு போன் போட்டுவிடுவேன். வீட்டுக்குப் போனபின் பேசலாமே என்றால், அப்போது அக்காவுக்குச் சமையல், மாமா, டி.வி. என்று ஆயிரம் இருக்கும். என்ன சமைத்தேன், எந்தக் குழாய் ஒழுகுகிறது, காலையில் எதற்காக அழுதேன் எல்லாம் சொல்வேன். பஸ் இரைச்சலில் கத்தினால்தான் அவளுக்குக் கேட்கும். கத்தினேன். சுற்றிலும் கன்னட போர்டு, கன்னட அறிவிப்பு, யாருக்குத் தமிழ் புரியப் போகிறது என்று ஒரு தைரியம். காலையில் காய்கறிக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் தமிழிலேயே பேசிக் காரியம் சாதித்துவிட்டு, சாயங்காலம் அப்படி நினைத்திருக்கிறேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல!

தனியாக இருக்கும் பெண் என்று வெளியே தெரியக்கூடாது, வாசலில் ஒரு ஆம்பளை செருப்பு கிடக்கட்டும் என்று யோசனை சொன்னவள் அக்காதான். என் கணவருடைய செருப்பைத் தூக்கிப்போட மனம் வராமல் கொண்டுவந்திருந்தேன். அதையே வெளியே விட்டேன். ஒரே இடத்தில் கிடந்தால் சந்தேகம் வருமே என்று தினமும் கொஞ்சம் நகர்த்தி வைப்பேன். அதையும் பஸ்ஸில் சொல்லிச் சிரிப்பேன். "இன்னிக்கு அவரை வாசப் பக்கம் திருப்பி வெச்சுட்டு வந்தேன்க்கா, வெளிய கிளம்புற மாதிரி." அக்கா சிரிக்கமாட்டாள். "சும்மா இருடி" என்பாள்.

அன்று சனிக்கிழமை, விடுமுறை. காலை பதினொரு மணி இருக்கும். காலிங் பெல் அடித்தது. பூட்டியிருந்த கிரில் கேட்டுக்கு வெளியே முப்பது முப்பத்தைந்து வயது ஆள். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் டூல்ஸ் பை.

"வணக்கம்க்கா. வாட்டர் ஃபில்டர் ஒழுகுதுன்னு சொன்னீங்களே, அதைப் பார்க்க வந்தேன்."

தமிழ்! ஊரை விட்டு வந்தபின் என் வாசலில் நின்று ஒருவர் 'அக்கா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வந்த சந்தோஷத்தை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எந்த ஊர் என்று கேட்டேன். ஆம்பூர் பக்கம் என்றான். அட, நம்ம பக்கம்! காபி குடிக்கிறாயா தம்பி என்றுகூடக் கேட்டுவிட்டேன். கேட்டுக்கொண்டே சாவியைப் பூட்டில் விட்டுப் பாதி திருப்பியும் விட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. ஃபில்டர் ஒழுகுவது உண்மை. ஆனால் நான் இன்னும் கம்ப்ளைன்ட்டே கொடுக்கவில்லை. திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று இருந்தேன்.

கை நின்றுவிட்டது. யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். "கம்பெனியிலதான்க்கா" என்றான், முகத்தில் சிரிப்பு மாறவில்லை. உள்ளே திரும்பி, "ஏங்க, ஃபில்டர் பார்க்க ஆள் வந்திருக்கு, கொஞ்சம் வாங்க" என்று குரல் கொடுத்தேன். அவர் போனபின் அந்த 'ஏங்க' என் வாயில் வந்தது அன்றுதான்.

அவன் குனிந்து செருப்பைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அவரு எங்கக்கா வரப்போறாரு? நீங்களே திறங்க."

சொல்லிக்கொண்டே கம்பிக்கு நடுவில் கையை நுழைத்துச் சாவியைப் பிடிக்கப் பார்த்தான். எப்படிப் பிடுங்கினேனோ, சாவியை உருவி எடுத்து, மரக்கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சமையலறைக்கு ஓடி, தோசைக்கல்லை எடுத்து ஜன்னல் கம்பியில் அடித்தேன். எந்த மொழியில் கூப்பிடுவது என்று தெரியாமல் "அம்மா, அம்மா" என்று அலறினேன்.

ஓனர் அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தார். படியில் எதிரே வந்தவன் சுத்தமான கன்னடத்தில், அட்ரஸ் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டு அவசரமே இல்லாமல் இறங்கிப் போனானாம். கதவைத் திறந்ததும் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"யாக்கம்மா, ஏன் அழறீங்க? நாங்க கீழதானே இருக்கோம்? ஒரு நாளாவது வந்து பேசினீங்களா?" என்றார்.

குடிவந்து எட்டு மாதமாகியும், அவருக்குத் தமிழ் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அவரும் அவர் கணவரும் கூட வந்துதான் போலீசில் புகார் கொடுத்தோம். இன்றுவரை அந்த ஆள் கிடைக்கவில்லை.

ஃபில்டர் விஷயத்தை அக்காவைத் தவிர நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து, பழக்கத்தில் போனை எடுத்தேன். எடுத்த கையோடு, எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தேன். போனைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, பின் சீட்டிலிருந்து பூக்கூடைக்கார அம்மா ஒருவர் முன்னால் குனிந்தார்.

"இன்னாம்மா, இன்னிக்கு அக்காவுக்கு போன் பண்ணல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

பாவம், அன்பாகத்தான் கேட்டார். அவர் முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததாகவே ஞாபகம் இல்லை. அவருக்குத் தெரிந்தது இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும்? என் ஸ்டாப்பில் இறங்கி வீடு வரைக்கும் ஒருவன் பின்னாலேயே வந்திருந்தாலும் நான் திரும்பிப் பார்த்திருக்கமாட்டேன், காதில் போன் இருந்ததே.

இப்போது பஸ்ஸில் நான் பேசுவதில்லை. ஏறியதும் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். இறங்கியதும் கடையோரம் நின்று, பின்னால் வருபவர்களை முன்னே போகவிட்டுத்தான் தெருவுக்குள் நுழைகிறேன். வாசலுக்கு யார் வந்தாலும் முதலில் கீழே போன் செய்து, ஓனர் அம்மா வந்தபிறகே பூட்டைத் திறக்கிறேன். அக்கா ராத்திரி பத்து நிமிடம் பேசுகிறாள். சொல்ல நினைத்ததில் பாதி அதற்குள் மறந்துபோகிறது. வாயை மூடிக்கொண்டு வரும் அந்த ஒன்றரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று அனுபவித்தால்தான் தெரியும். என் பேச்சைக் கேட்க இந்த ஊரில் ஒரு நாதி இல்லையே என்று நான் புலம்பிய அதே நாட்களில், ஒரு வார்த்தை விடாமல் கேட்டு மனதில் வைத்துக்கொண்டவன் அவன் என்பதை நினைத்தால், இன்றும் எனக்குப் பயத்துக்கு முன்னால் அழுகைதான் வருகிறது.