தோல்காரரை மண்ணில் வைத்த நாள்

லம்பர்ட் விடியும் நேரத்தில் இறந்தார். மழைக்காலம் முழுக்கக் கால் வீங்கிப் படுத்திருந்தவர், கடைசியில் மனைவியிடம் கேட்டது ஒன்றுதான். என்னை எரிக்காதே, மண்ணில் வை.

மனைவி மி சோன் சரி என்று சொல்லிவிட்டாள். அதன் சங்கடம் பிறகுதான் உறைத்தது. அந்த ஆற்றோரத்தில் அவளுடைய மோன் ஜனங்கள் நல்ல சாவு செத்தவர்களை எரிப்பார்கள். முதலை இழுத்தவன், தூக்கில் தொங்கியவன், பிரசவத்தில் போனவள், இவர்களைத்தான் புதைப்பார்கள். புதைத்தவர்கள் எழுந்து வருவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

டச்சுப் பண்டகசாலையில் ஆள் இல்லை. கப்பல்கள் ஜப்பானுக்குப் போயிருந்தன. மிஞ்சிய இரண்டு குமாஸ்தாக்கள் காய்ச்சலில் கிடந்தார்கள். அங்கிருந்து சவப்பெட்டி மட்டும் வந்தது. தூக்க ஆள் இனி அவள்தான் பார்க்க வேண்டும்.

லம்பர்ட் கப்பலேறி இந்த ஊருக்கு, அயூத்தியாவுக்கு, வந்தபோது மீசை சரியாக முளைக்கவில்லை. பண்டகசாலைக்கு மான்தோல் வாங்குவது வேலை. மற்றவர்கள் தோல்கட்டை உள்ளே எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிரிப்பார்கள். வெளியே வந்து பாதி கழிவு என்பார்கள். லம்பர்ட் வேடர்களின் கண்ணெதிரே வெயிலில் விரிப்பார். ஒதுக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வார். "இங்க பாரு, புழு. இது உன் கத்தி கிழிச்சது." வேடர்கள் அவரிடம் சண்டை போட்டார்கள், மறுமுறையும் அவரிடமே வந்தார்கள்.

இந்த ஊர்ப் பேச்சுக்கு அவர் நாக்குதான் கடைசிவரை திரும்பவில்லை. மி சோன் படகில் பானை விற்பவள். இவர் பானை என்று ஆரம்பித்தால் பூனை என்று விழும். துறையில் பெண்கள் விடமாட்டார்கள்.

"பூனை என்ன விலை, தோல்காரரே?"

"குட்டியா, பெரிசா?" என்பார் அவரும்.

மகள் லீஸ்பெத்துக்கு நாலு வயதானபோது, ஊர் திரும்பச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்தது. இந்த நாட்டுப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளையை ராஜா வெளியே விடமாட்டார். இவருக்கு முன்னால் அந்த நிலைமையில் இருந்தவர்கள் எல்லாம் அழுதுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். லம்பர்ட் துறைவரை போனார். கூட வேலை பார்த்தவர்களை வழியனுப்பினார். மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு என்ன மீன்?" என்று கேட்டார். அதைப் பற்றி வேறு பேச்சு அந்த வீட்டில் நடக்கவில்லை. சம்பளம் நின்றது. சொந்தமாகத் தோல் வாங்கி விற்க ஆரம்பித்தார்.

அவர் இறந்த அன்று காலை மி சோனின் அண்ணன் லகூன் ஐந்தாறு பேரோடு வந்து, மரக்கால்கள்மேல் உயர்ந்து நின்ற வீட்டுக்குக் கீழே, ஏணியடியில் நின்றான். மேலே வரவில்லை.

"தங்கச்சி, விறகு நான் தர்றேன். பிக்குவையும் கூட்டியாறேன். எரிச்சிரலாம். மரியாதையாப் போகட்டும்."

"மண்ணுலதான் வைக்கணும்னு சொல்லிட்டாருண்ணே."

"அவரு சொல்லிட்டுப் போயிட்டாரு. தோல்காரன் கெட்ட சாவு செத்தான்னு ஊரு பேசும். லீஸ்பெத்தை எவன் கட்டுவான்?"

பக்கத்து வீட்டு மி பகாவ் ஜன்னலிலிருந்து சொன்னாள்: "மண்ணுல போட்டா எந்திரிச்சு வருவான், தெரியுமில்ல?"

மி சோனுக்குப் பொய் சொல்ல வராது.

"வருவாராம். அவரே சொன்னாரு."

வந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

"என்னடி சொல்றே?" என்றாள் மி பகாவ்.

"அவங்க சாமி ஒருநாள் கூப்பிடுமாம். செத்தவங்க எல்லாம் எந்திரிப்பாங்களாம். எரிச்சா எந்திரிக்க முடியாதான்னு கேட்டேன். எதுக்கு வம்புன்னாரு."

"எப்பக் கூப்பிடும்?" என்றான் லகூன்.

"உலகம் முடியுற அன்னிக்கு."

"அதுவரைக்கும்?"

"தூங்குவாராம்."

லகூன் யோசித்தான். "பெரிய வெள்ளத்துல பாயோட மிதந்துபோயி கோயில் அரசமரத்துல முட்டி நின்னாரே. அப்பக்கூட முழிக்கல."

ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும். "அவங்க சாமி தொண்டை கிழியக் கத்தணும்" என்றது ஒரு குரல்.

மி பகாவ் சிரிக்கவில்லை. "சிரிங்க, சிரிங்க. எந்திரிச்சா முதல்ல உன் வீட்டுக்குத்தாண்டி வருவான்."

"வரட்டும்க்கா. வேற எங்க போவாரு?"

லகூன் மேலே ஏறி வந்தான். மற்றவர்களும் வந்தார்கள்.

பண்டகசாலைக்குப் பின்னால் மேட்டில் தோண்டினார்கள். இரண்டு முழத்தில் தண்ணீர் ஊறியது. தோண்டியவன் நிமிர்ந்து பார்த்தான்.

"தோண்டு. அவரு ஊர்லயும் இப்படித்தானாம்" என்றாள் மி சோன்.

இறக்கிய பெட்டி மிதக்கப் பார்த்தது. தோல் இறக்க வந்திருந்த வேடர்கள் இருவர் குழிக்குள் குதித்தார்கள். மண் விழுந்து கனக்கும்வரை பெட்டியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களும் பேய்க்குப் பயந்தவர்கள்தான்.

பொழுது சாயும்போது ஆற்றோர வீடுகள் ஒவ்வொன்றாக ஏணியை மேலே இழுத்துக்கொண்டன. மி பகாவ் வீட்டு ஏணிதான் முதலில் போயிற்று.

லீஸ்பெத் வாசலில் குனிந்து ஏணியைப் பிடித்தாள். "தூக்கட்டுமாம்மா?"

"இருக்கட்டும்" என்றாள் மி சோன்.