பாலக்கரை ஃப்ளெக்ஸில் ஒரு கை

அந்த ஃப்ளெக்ஸை எங்கள் ஊர்ப் பாலக்கரையிலிருந்து இறக்கி மாசக்கணக்காகிறது. இன்னமும் வண்டியில் அந்த வழியாகப் போகும்போது எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். வெட்கங்கெட்டவளே என்று என்னை நானே திட்டிக்கொள்வதும் உண்டு.

விருத்தாசலத்தில் டிசைன் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் செய்வேன். கொலுவுக்கு முன்னால் பீங்கான் பொம்மைக் கம்பெனி ஓனர் ஒருத்தர் வந்து பாலக்கரையில் கட்ட ஃப்ளெக்ஸ் போஸ்டர் கேட்டார். அவரிடம் பன்னிரண்டு வருஷமாகப் பொம்மைகளுக்குக் கண் எழுதும் அக்கா ஒருவர் இருந்தார். "அவங்களையே போட்டோ எடுத்துப் போடும்மா. எங்க பொம்மைக்கு உசுரே அவங்க கைதான்" என்றார் ஓனர்.

நானே கம்பெனிக்குப் போய், அக்கா பிரஷும் கையுமாகக் கண் எழுதுவதை எடுத்தேன். அக்கா மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். "தெரு பூரா சொல்லிட்டேங்க. நீ ஃப்ளெக்ஸுல வரப்போறியான்னு எங்க மாமியாரு வாயப் பொளந்துட்டாங்க" என்று சிரித்தார். சிரித்தால் முன்பல் ஒன்று லேசாக எட்டிப் பார்க்கும். வலது மணிக்கட்டில் சூளையில் சுட்டுக்கொண்ட தழும்பு. நிறம் கறுப்பு, என்னைப் போலவே நல்ல கறுப்பு.

படத்தைப் பார்த்துவிட்டு ஓனர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பின்னாடி ஷெட்டு இருட்டா இருக்குது. அத மட்டும் பளிச்சுனு பண்ணிடும்மா."

அதை மட்டும் செய்திருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்? அரைமணி நேர வேலை. ஆனால் ஏஐ கைக்கு வந்ததிலிருந்து எனக்குக் கொழுப்பு ஏறியிருந்தது. படத்தை அதில் போட்டேன். ஷெட் பளிச்சென்று ஆனது. அதோடு விட்டேனா? 'இந்தப் பெண்ணை இன்னும் அழகாக்கு' என்று தட்டினேன். சிவப்பாக மாற்று என்று நான் தட்டவில்லை. அது தானாகவே வெளுத்த முகம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. பல் வரிசை கச்சிதம். அக்கா அதில் எங்கேயும் இல்லை. நான் பதறவில்லை. "அட, சூப்பரா இருக்கே!" என்றேன். கறுப்புத் தோலோடு நாற்பது வருஷம் பேச்சு வாங்கிய நானேதான் அப்படிச் சொன்னேன்.

கைதான் வம்பு பண்ணியது. ஆறு விரல் வந்தது. அடுத்த தடவை பிரஷ் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான்கு முறை பார்த்துவிட்டு, அக்காவின் சொந்தக் கையையே வெட்டி ஒட்டினேன். முகத்துக்குப் பொருந்த வேண்டுமே என்று கையையும் கொஞ்சம் வெளுப்பாக்கினேன். தழும்பு அதில் அப்படியே இருந்தது என் கண்ணில் படவில்லை.

ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது. "ஆளு மாறியிருக்குதே. அவங்ககிட்ட கேட்டியாம்மா?"

"கேட்டுட்டேங்க, சரின்னுட்டாங்க" என்றேன். அது முதல் பொய்.

ஃப்ளெக்ஸ் கட்டிய ஞாயிற்றுக்கிழமை அக்கா கடைக்கு வந்தார். அதே மாம்பழப் பட்டு. மாமியாரைப் பாலக்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு நேரே வந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு யாருங்க?"

"யாருமில்லக்கா. கம்ப்யூட்டர் போட்டது."

அவர் வலது கையை மேசைமேல் வைத்தார். "கை என்னுதுதான? தழும்பு அப்படியே இருக்குது. இதத்தான் மாமியாருகிட்ட காட்டினேன். கை சரிடி, மூஞ்சி எங்கடின்னு கேக்குறாங்க." சிரித்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். போட்டோ எடுத்த அன்று அப்படி மூடவில்லை.

அப்புறம் மெதுவாகக் கேட்டார். "ஓனரு மாத்தச் சொன்னாராங்க?"

இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான்க்கா, புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன் என்று காலில் விழுந்திருக்கலாம். "ஆமாக்கா" என்றேன். பாவி, வாய்கூடக் கூசவில்லை.

அக்கா மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "பன்னெண்டு வருஷமா தெனமும் பாக்குற மூஞ்சி. புடிக்கலன்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்" என்றார். "போயிட்டு வரேங்க."

இரண்டு மாசம் கழித்து, கார்த்திகை தீப போஸ்டருக்காக ஓனர் மறுபடி வந்தார். விளக்கேந்திய பாவை பொம்மை ஒன்றை என் மேசையில் வைத்தார். அவர் முகம் வாடியிருந்தது.

"அவங்க இப்ப கண்ணு எழுதறதில்லம்மா. பேக்கிங்குக்கு மாத்திக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டாங்க. நான் வந்தா தலைய நிமித்தறதே இல்ல. என்ன தப்பு பண்ணேன்னே வெளங்கல. உங்கிட்ட எதுனா சொன்னாங்களா?"

இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது.

"ஒண்ணும் சொல்லலீங்களே" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டுப் பொம்மையை என் பக்கம் தள்ளினார். "புது ஆளு எழுதினது. கண்ணு கோணலா இருக்குது பாரு. உன் ஏஐல போட்டு சரி பண்ணிடும்மா."

"சரிங்க" என்று வாங்கி வைத்தேன்.