இரண்டு மீட்டருக்கு அப்பால் ஓர் அம்மப்பா

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் ரியூஷன் கொடுத்தே தலை நரைத்தவன் நான். மின்காந்த அலைகள் பாடம் வந்தால் ஒவ்வொரு வருடமும் ஒரே பகிடியைத்தான் சொல்வேன்.

"பிள்ளையள், மாமியாரிட்ட இருந்து தூரத்தை இரண்டு மடங்காக்கினால் ஏச்சு நாலில ஒரு பங்காகும். மூண்டு மடங்காக்கினால் ஒன்பதில ஒரு பங்கு. இதுதான் நேர்மாறு வர்க்க விதி."

சிரிப்பார்கள். சேர் பகிடி விட்டால் சிரிப்பதும் பாடத்திட்டத்தில் அடக்கம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த விதி ஒருநாள் என் கழுத்துக்குள்ளேயே வந்து குடியிருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

கழுத்தில் ஒரு சின்னக் கட்டி. தைரொயிட் சுரப்பியை வெட்டி எடுத்தார்கள். "நல்ல வகைக் கான்சர்தான், பயப்பட வேண்டாம்" என்றார் டொக்டர். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நல்ல வகைச் சாமான்கள் குறைவு. இதாவது கிடைத்ததே என்று வைத்துக்கொண்டேன். வெட்டிய இடத்தில் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கொல்வதற்குக் கதிரியக்க அயடீன் தருவார்கள். கடுகு போன்ற ஏதோ ஒன்று உள்ளே இருந்த ஒரு குளிசை. ஈயப் பாத்திரத்தில் இருந்து இடுக்கியால் எடுத்துத் தந்த பையன், நான் விழுங்கிய உடனே அறையின் மறு மூலைக்குப் போய்விட்டான். வகுப்பில் நான் கேள்வி கேட்கத் தொடங்கினால் பிள்ளைகள் அப்படித்தான் பின்வாங்குவார்கள். அதனால் எனக்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.

தைரொயிட் உயிர்க்கலங்களுக்கு அயடீன் என்றால் உயிர். எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து விழுங்கும். விழுங்கிய அயடீன் உள்ளே இருந்து அந்தக் கலத்தையே சுடும். சுடுகிற வேலையைச் செய்வது பீட்டாத் துணிக்கைகள். அவை ஓரிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாத சோம்பேறிகள். அவற்றோடு கூடவே காமாக் கதிரும் கிளம்பும். அதுதான் ஊர் சுற்றி. என் கழுத்தைக் கடந்து, சட்டையைக் கடந்து, பக்கத்தில் இருப்பவரையும் கடந்து போகும்.

ஆகவே ஆஸ்பத்திரியில் தனி அறையில் சில நாட்கள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கட்டளைகள் தந்தார்கள். மற்றவர்களிடம் இருந்து இரண்டு மீட்டர் தள்ளி இரு. தனித் தட்டு, தனிக் கோப்பை. உடுப்பைப் புறம்பாகத் தோய். கழிவறையில் இரண்டு தரம் தண்ணீர் அடி. சில கிழமைகளுக்குக் குழந்தைகளைத் தூக்காதே.

கடைசிக் கட்டளையில்தான் என் மனம் இடறியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மனைவியின் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும்.

கலியாணம் முடித்த புதிதில் மாதத்தில் மூன்று நாள் என் அம்மா அவளைத் தனித் தட்டு, தனிப் பாய் என்று மூலையில் இருத்தி வைத்ததுண்டு. துடக்கு. இப்போது அதே சட்டப் புத்தகம் அவள் கைக்கு வந்துவிட்டது. சின்ன அறைக்குள் என்னை இருத்தி, வாசலில் ஒரு ஸ்டூலை வைத்து, அதில் என் தட்டை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்று சொன்னாள்:

"நான் அங்கால போன பிறகு எழும்பி வந்து எடுங்கோ. கதவைத் தொடாதேங்கோ. குசினி அடுப்புப் பக்கம் வரவே கூடாது."

"எவ்வளவு நாளைக்கு?"

"துடக்குக் கழியுமட்டும். இப்ப விளங்குதோ எப்படி இருக்கிறதெண்டு?"

விளங்கியது. எங்கள் தொடர்மாடி வீட்டில் நேர்மாறு வர்க்க விதியைக் கடைப்பிடிப்பதற்கு இடமும் போதாது. ஹோலில் அவள் இருந்து நாடகம் பார்க்கும் கதிரைக்கும் என் கட்டிலுக்கும் நடுவே ஒரு சுவர், அவ்வளவுதான். தையல் நாடாவால் அளந்து, நிலத்தில் சோக்கால் கோடு கீறினாள். கோட்டைத் தாண்டினால் "ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். என் காமாக் கதிரை விட அது ஊடுருவும்.

எதிர் வீட்டு முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். செய்தி அறிந்து எங்கள் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"சேர், கோவிச்சிக்க வாணாம். ஒங்கட கழுத்தில ஈக்கிற கதிரால எங்கட வைஃபை ஸ்லோவாகுமா? மகள்ட ஒன்லைன் கிளாஸ் நிண்டு நிண்டு போகுது."

நான் அறைக்குள் இருந்தே, சுவருக்கு விரிவுரை செய்கிற தொனியில் சொன்னேன். நானா, ரெண்டும் ஒரே குடும்பம்தான். ரேடியோவும் வைஃபையும் வெளிச்சமும் எக்ஸ்ரேயும் என்ர காமாவும் எல்லாம் மின்காந்த அலை. எல்லாம் ஒரே வேகம். நீளத்தில மட்டும்தான் வித்தியாசம். எஃப்.எம். அலை எழும்பி நிண்டால் சீலிங்கில தலை முட்டும். வைஃபை அலை அரைச் சாண். என்ர அலை ஒரு அணுவை விடச் சின்னன். நீளம் குறையக் குறையக் கோபம் கூடும். உங்கட வைஃபைக்கும் என்ர கோபத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை.

"அப்ப ஏன் நிக்கிது?"

"ரவுட்டர் எங்க வச்சிருக்கிறீங்கள்?"

"ஃபிரிட்ஜுக்குப் பின்னால. பார்வைக்கு அசிங்கமா ஈக்குதெண்டு பொஞ்சாதி வச்சது."

"அந்த இரும்புப் பெட்டிதான் மறிக்குது. என்னை விட்டிட்டு அதைப் பிடியுங்கோ."

அடுத்த நாள் காலை எங்கள் கதவுப் பிடியில் ஒரு சோடி தம்பிலி இளநீர் தொங்கியது. என் ரியூஷன் வாழ்க்கையில் மின்காந்த அலைகள் பாடத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த பெறுபேறு அதுதான்.

இனிப் பேத்தி. மகளும் மருமகனும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்கள். குழந்தைக்கு இப்போது ஏழாம் மாதம். அவர்களுக்கு அவுஸ்திரேலியாவுக்கு விசா வந்து, டிக்கெட்டும் போட்டாயிற்று. போவதற்கு முன்னர் பிள்ளைக்கு முதற்சோறு தீத்திவிட வேண்டும் என்று கோயில் ஐயரிடம் நாள் பார்த்து வாங்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கத்தில் முதல் வாய் ஊட்டுவது தாயின் தகப்பனான அம்மப்பா. அந்த நாள் பார்த்தபோது ஆஸ்பத்திரி எனக்கு இன்னும் திகதி தந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி திகதி தந்தபோது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருந்துகொண்டன. விமானத்துக்கு முன்னர் வேறு நல்ல நாளும் இல்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு நான் அவளைத் தூக்கவே இல்லை. அடுத்த முறை காணும்போது அவள் பீட்சா ஓடர் பண்ணிக்கொண்டிருப்பாள்.

மகள் ஃபோனில் அழுவாரைப் போலக் கதைத்தாள். "அப்பா, வேற என்ன செய்யிறது? மாமாவைத் தீத்தச் சொல்லட்டோ?"

மாமா என்றால் என் சம்பந்தி. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கப்பலுக்குக் கேட்கும்படி கதைத்துப் பழகியவர். ஃபோனை அவரே வாங்கினார்.

"சம்பந்தி, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ! உங்கட வாயையும் சேர்த்து நானே தீத்திவிடுறன்! நீங்கள் வீடியோவில ஆறுதலாப் பாருங்கோ!"

நல்ல மனிசர். உதவிதான் செய்ய நினைத்தார். ஆனால் அந்த 'ஆறுதலா' என்ற சொல்லை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஃபோனை வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்து யன்னலைப் பார்த்தேன். யன்னலில் கேர்ட்டின். கேர்ட்டினுக்கு மேலே மெல்லிய ஓர் அலுமினியக் கம்பி. நீளம் இரண்டு மீட்டர்.

எழும்பி இருந்தேன்.

மடியில் வைத்துத் தீத்தினால் பிள்ளைக்கும் என் கழுத்துக்கும் கால் மீட்டர். கம்பியின் நுனியில் கரண்டியைக் கட்டிக் கையை நீட்டி நின்றால் இரண்டரை மீட்டர். தூரம் பத்து மடங்கு. கதிர் நூறில் ஒரு பங்கு. அதிலும் மடியில் என்றால் கொஞ்சி முடிய நேரமாகும். கம்பியில் என்றால் ஒரு வாய், போதும். இத்தனை வருடமாக மாமியாரில் வீணடித்த விதியை முதன்முறையாக உருப்படியான ஒன்றுக்குப் பாவிக்கப் போகிறேன்.

கேர்ட்டினைக் கழற்றிக் கட்டிலில் போட்டேன். என் கரண்டியைக் கம்பியில் டேப்பால் சுற்றினேன். பருப்பும் சோறும் என் தட்டிலேயே இருந்தன. சுவரோரம் தலையணையை நிமிர்த்தி வைத்து, அதற்கு வாய் இருக்கக்கூடிய இடத்தைக் குறிவைத்தேன். கம்பியின் நுனி, நான் நினைத்ததற்கு எதிர்ப் பக்கமாகவே போனது. கையில் ஒரு சிறு நடுக்கம், அங்கே ஒரு சாண் ஆட்டம். இதுவும் நான் படிப்பித்த பாடம்தான், நெம்புகோல். இரண்டாவது வாய் கலண்டரில் இருந்த பிள்ளையாருக்குப் போனது.

வாசலில் மனைவி நின்றாள்.

"என்னப்பா செய்யிறீங்கள்?"

"தலையணைக்குத் தீத்துறன்."

"கழுத்தில மட்டும்தானே எண்டார் டொக்டர். தலைக்கும் ஏறிட்டுதோ?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சோக் கோட்டைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், பருப்பு வழிந்த தலையணையைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில கேளுங்கோ. அவை ஓம் எண்டால் நானும் ஓம். இல்லையெண்டால் கம்பியைத் திருப்பிக் கொழுவுறீங்கள்."

ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கும் இளம் பெண் அதிகாரி ஒருவர், சந்தேகம் வந்தால் எடுக்கச் சொல்லி நம்பர் தந்திருந்தார். எடுத்துச் சொன்னேன்.

"அனே, ஐயோ அங்கிள்! கேர்ட்டின் ரொட்டா?"

"ஓம் மகள், கம்பிதான். ரெண்டு மீட்டர்."

"இருங்க." கணக்குப் பார்க்கிறார் போலும், என் கணக்கை நானும் சொன்னேன், ஒத்துப்போனது. "சரி அங்கிள். நல்ல காத்தோட்டமான இடத்துல செய்யுங்க. கொஞ்ச நேரம்தான். ஸ்பூன் உங்கட இல்லாம வேற ஸ்பூன். சாப்பாட்டையும் ஸ்பூனையும் நீங்க தொடவே கூடாது, கம்பியை மட்டும் பிடிங்க, கையை நல்லாக் கழுவிட்டு. பிறகு..."

"பிறகு?"

"ஒரு வீடியோ அனுப்புங்க. எங்கட டிப்பார்ட்மென்ட்ல யாரும் இப்பிடிக் கேட்டதில்லை."

காற்றோட்டமான இடம் என்றால் மொட்டைமாடிதான். நானா கொடியில் கிடந்த தன் வீட்டு உடுப்புகளை எல்லாம் எடுத்து இடம் விட்டுத் தந்தார். காலை வெயில். ஒரு பக்கம் கடல், கீழே தண்டவாளம். என் அறையில் ஒடுங்கிக் கிடந்த நேர்மாறு வர்க்க விதிக்கு அங்கேதான் தாராளமாகக் கை கால் நீட்ட முடிந்தது. மனைவி அங்கேயும் சோக்கால் ஒரு கோடு கீறியிருந்தாள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் மருமகனின் மடியில் பேத்தி, பட்டுச் சட்டையோடு. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அது கொஞ்சம் கஷ்டம்தான்.

மகள் வெள்ளிக் கரண்டியைக் கம்பியின் நுனியில் கட்டி, அதில் நெய்ச்சோறு வைத்தாள். சம்பந்தி பக்கத்தில் நின்று கிரேன் ஓட்டுபவருக்குச் சொல்வது போலக் கையைக் காட்டினார்.

"மெல்ல! மெல்ல! இடப் பக்கம்! சம்பந்தி, உங்கட இடமில்லை, என்ர இடம்!"

முதல் வாய் அவருடைய மூக்கில் போய் நின்றது. பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. நானா, "சேர், சிக்னல் வீக்" என்றார். மகள் மறுபடி சோறு வைத்தாள். இந்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கரண்டி ஆடிக்கொண்டே போய், பேத்தியின் கன்னத்தில் தட்டி, திரும்பி, சிரிப்பதற்காகத் திறந்திருந்த அந்த வாய்க்குள் நுழைந்தது.

மென்றாள். முகத்தைச் சுளித்தாள். மறுபடியும் மென்றாள்.

பிறகு இரண்டு கையாலும் கரண்டியை எட்டிப் பிடித்து இழுத்தாள்.

கம்பி வழியே அந்த இழுவை என் உள்ளங்கைக்கு வந்தது. சின்ன இழுவைதான், ஆனால் குறையாமல் முழுதாக வந்தது. நானும் மெதுவாக இழுத்தேன். அவள் இன்னும் பலமாக இழுத்தாள். நான் விட்டுக்கொடுத்தேன். மறுபடி இழுத்தேன். கடல் பக்கம் ரயில் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நேரம் போகுது! விடுங்கோ கம்பியை!" என்றாள் மனைவி.

"அவளை விடச் சொல்லு!"

"நீங்களெல்லோ பெரியாள்!"

விட்டேன். பேத்தி கம்பியைத் தன் பக்கம் இழுத்து, அதன் மேலேயே விழுந்து, நடுவில் வளைத்துவிட்டாள். சம்பந்தி கைதட்டினார்.

அவர்கள் போய்விட்டார்கள். என் கழுத்து அயடீனும் எட்டு நாளைக்கு ஒரு தரம் பாதி பாதியாகக் கரைந்து முடிந்துவிட்டது. சோக் கோட்டை மனைவியே துடைத்தாள், கொஞ்சம் மனமில்லாமல்தான். கம்பியைத் திரும்பக் கொழுவினோம். வளைவை நிமிர்த்தவில்லை. கேர்ட்டினின் இரண்டு பக்கமும் சறுக்கி நடுவில் வந்து குவிந்து கிடக்கிறது. விடிந்தால் இரு ஓரத்தாலும் வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது.

"ஒரு புதுக் கம்பி வாங்கிப் போடுங்கோவன்" என்று மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நாளைக்கு, நாளைக்கு என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.