பிஸ்கட் வாசனைக்கு ஒரு கிளிக்

போன வாரம் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் வருகிற வெள்ளெழுத்துதான், பயப்பட ஒன்றுமில்லை. மூக்கின்மேல் கனமான ஒரு சட்டத்தை மாட்டிவிட்டு, கடைப்பெண் அதில் வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். "இதுல நல்லா கீதா சார், முன்னாடி பாத்ததா?" என்று கேட்டபடியே இருந்தாள். ஒவ்வொரு வில்லை உட்காரும்போதும் கிளிக் என்று ஒரு சத்தம். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்த நேரத்தில் எனக்கு இசக்கி ஞாபகம் வந்துவிட்டது. இன்னும் தெரியாமல்தான் முழிக்கிறேன் என்று நினைத்து அந்தப் பெண் அடுத்த வில்லையைப் போட்டுவிட்டாள்.

இசக்கிமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நானும் அவனும் ஒரே லைனில் கான்ட்ராக்ட் ஆட்கள். எனக்குப் பிள்ளைப்பாக்கத்தில் சொந்த வீடு, அம்மா கட்டிக்கொடுக்கிற சோறு. அவனுக்கு ஊர்க்காரப் பையன்களோடு நெருக்கியடித்துப் படுக்கிற வாடகை அறை. எங்கள் இருவருக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று, காலேஜ் என்.சி.சி.யில் பிடித்த துப்பாக்கிப் பைத்தியம். என்னுடையது சளி மாதிரி, வரும், போகும். அவனுடையது அப்படிப்பட்டதல்ல. மாநிலப் போட்டியில் ஒரு பதக்கம் வாங்கவேண்டும், அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போகவேண்டும். கான்ட்ராக்டிலிருந்து வெளியேற அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. படிப்பு அவனுக்கும் சுமார்தான், எனக்கும் சுமார்தான்.

ஒரகடத்திலிருந்து உள்ளே தள்ளி, கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் ஒரு ரைபிள் கிளப் நடந்துவந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. இல்லையென்றால் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விடுவோம். எங்கள் கைக்குக் கிடைத்தவை கிளப்பின் பழைய ரைபிள்கள் இரண்டு, அவனுக்கொன்று எனக்கொன்று. சுட்டு முடித்துக் குழலைத் துடைத்த எண்ணெய் வாசனை கையை விட்டுப் போகாது. லைனில் மெஷினுக்கு விடுகிற எண்ணெயும் கிட்டத்தட்ட அதே வாசனைதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அது மணத்தது, திங்கட்கிழமை நாறியது. எங்கள் ஊரில் நான் கொக்கு சுடப் போகிறேன் என்று பேச்சு. அம்மாவே ஒருநாள், கொக்கெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவராதே என்று கண்டித்தாள்.

துப்பாக்கி என்றால் நேராகக் குறிபார்த்தால் நேராகப் போய்ப் படும் என்றுதான் நீங்களும் நினைத்திருப்பீர்கள். படாது. ஒருவன் கண் மாதிரி இன்னொருவன் கண் இல்லை, ஒருவன் கன்னம் வைக்கிற இடத்தில் இன்னொருவன் வைப்பதில்லை. அதனால் அவரவருக்கு ஏற்றபடி துப்பாக்கியின் பின்பக்கம் குறிபார்க்க இருக்கும் சைட்டைத் திருகி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஜீரோ போடுவது என்று பெயர். மேலும் கீழும் நகர்த்த ஒரு திருகு, இடமும் வலமும் நகர்த்த ஒரு திருகு, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு கிளிக். நடு வட்டத்தையே பார்த்து நாலைந்து சுடவேண்டும். தோட்டாக்கள் சிதறி விழுந்தால் சுட்டவன் கோளாறு. கொத்தாக ஒரே இடத்தில் விழுந்து, அந்த இடம் மட்டும் நடுவாக இல்லாவிட்டால் சைட்டின் கோளாறு. அப்போது ஆளைக் குறை சொல்லக் கூடாது, திருகைத் திருப்பவேண்டும். எங்களுக்கு இது வேதவாக்கு.

என் தோட்டாக்கள் கல்யாணப் பந்தி மாதிரி, அவரவர் கிடைத்த இடத்தில் உட்காரும். இசக்கியின் கொத்தை ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். ஐம்பது மீட்டர் தள்ளி வைத்த அட்டையில் அந்தக் கருப்பு வட்டம் கடுகளவுதான் தெரியும், அதோடு காற்று வேறு. காற்றைப் பார்க்கக் கிளப்பில் கொடிகூடக் கிடையாது, மூக்குதான். கிழக்கே பிஸ்கட் கம்பெனி, மேற்கே டயர் கம்பெனி. "பிஸ்கட் வருது, ஒண்ணு திருப்பு" என்பான் இசக்கி. ரப்பர் வாசனை வந்தால் எதிர்ப்பக்கம் ஒன்று. காலையில் சாப்பிடாமல் வந்திருந்தால் பிஸ்கட் காற்றில் எனக்குக் குறியே நிற்காது.

போட்டிக்குச் சில மாதங்கள் இருந்தபோதுதான் அவன் ஜீரோ நகர ஆரம்பித்தது. கொத்து அப்படியே இருந்தது, ஆனால் வாராவாரம் வலப்பக்கம் ஒதுங்கிப்போனது. அவன் திருகைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவருவான், அடுத்த வாரம் மறுபடி ஒதுங்கும். கொத்துதான் கலையவில்லையே, ஆள்மேல் எப்படிச் சந்தேகம் வரும்? திருகு தேய்ந்துவிட்டது என்றோம். தோட்டாவை மாற்றினோம். சைட்டையே கழற்றி மாட்டினோம். லைனில் ஒரு நாள் இரண்டு பாகம் மாற்றிப் பொருத்தி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினான், தூக்கக் கலக்கம் என்றான். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் அவன் ரைபிளை நான் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். என் சுடுகை சுமார்தான் என்றாலும் அந்தச் சிதறலும் ஓரிடத்தைச் சுற்றியே விழுந்தது. அடுத்த வாரம் எந்தத் திருகையும் தொடாமல் மறுபடி சுட்டேன். அதே இடம். ரைபிள் நகரவில்லை. இரண்டு வாரத்து அட்டைகளையும் அவன் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தான்.

"கண்ணால இருக்குமாலே?" என்றான் பிறகு.

"இன்னாடா பேசுற, கொத்து உளுதே" என்றேன்.

சென்னையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்குள்ளே, நேரே பார்க்கிற நடுப்பகுதி மட்டும் தேய்ந்துகொண்டு வருகிறது, இரண்டு கண்ணிலும் என்றார் டாக்டர். பிறவியிலேயே உள்ளது, இந்த வயதில்தான் தலைகாட்டும், கண்ணாடிக்கும் ஆபரேஷனுக்கும் கட்டுப்படாது, ஓரப் பார்வை மட்டும் மிஞ்சும். நடு மங்க மங்க, அவனை அறியாமலே அவன் சற்று ஒதுங்கிப் பார்க்கப் பழகியிருந்தான். அதிலும் அவன் ஒழுங்கு, அந்தந்த நாளில் எப்போதும் ஒரே அளவு ஒதுங்கினான். அதனால்தான் கொத்து கலையவில்லை. இவ்வளவு நல்ல கை இல்லாமல் இருந்திருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும் என்று நினைத்தபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அழவில்லை. பசிக்கிறது என்றான்.

போட்டிக்கு அவன் போகவில்லை. ஊருக்குக் கிளம்புகிற வாரம் குவாரிக்கு வந்து, ரைபிளை மடியில் போட்டுக்கொண்டு திருகுகளைத் திருப்பிக்கொண்டே இருந்தான். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"நான் திருப்பினதையெல்லாம் எடுத்து வுடுதேன். அடுத்து வாரவன் பாவம்லா."

இப்போது அந்தக் குவாரி இல்லை. மண் கொட்டி நிரவி, அதன்மேல் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற பெரிய குடோன். கிளப் கலைந்து ரைபிள்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. பிஸ்கட் கம்பெனியையும் இழுத்து மூடிவிட்டார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசினாலும் டீசல்தான்.

என் மகள் காதுகுத்துக்கு இசக்கி வந்தான். எத்தனையோ வருஷம் கழித்து, தன்னந்தனியாக. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, என்னை நேராகப் பார்த்தான், பார்த்துவிட்டு என்னைத் தேடினான். "இசக்கி" என்று கூப்பிட்டேன். முகத்தைத் திருப்பி, எனக்கு இடப்பக்கம் ஓரடி தள்ளியிருந்த தூணைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அப்படிப் பார்த்தால்தான் அவனுக்கு நான் தெரிவேன். டாக்டர் சொன்னதெல்லாம் அந்த நிமிஷம் எனக்கு மறந்துபோனது. அந்தச் சிரிப்பு தூணுக்குப் போவது தாங்காமல் நகர்ந்து, அவன் பார்வைக்கு நேரே போய் நின்றேன்.

சிரிப்பு அணைந்துவிட்டது. "எங்கலே போன?" என்றான், கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு.